தவறி விழுந்தவர்

என் மைத்துனர் சென்ற ஆண்டு ஆடி அமாவாசை அன்று ராஜா வாய்க்கால் படியில் விழுந்தார். வயது எழுபத்தெட்டு. இடது இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பதினோரு நாள் படுக்கையில் இருந்து வீடு திரும்பினார். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில், எப்படி அடிபட்டது என்ற இடத்தில், "தவறி விழுந்தார்" என்ற பொருளில் ஒரே வரி ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த வரி பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அமாவாசை என்பதால் படையல் முடியும்வரை அவர் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடவில்லை. ஆனால் காலை மாத்திரையை மட்டும் விடவில்லை. "சோறு இல்லாட்டிப் போகுது, மாத்திரையை விட்டுடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்பார். பதினொரு மணிக்குக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்கிறதா பார்க்கப் போனவர் படியிலேயே உட்கார்ந்து, அப்படியே சரிந்திருக்கிறார். அவர் மகன் எனக்குப் போன் செய்தான். "மாமா, அப்பாவுக்கு வாய் கோணுது, பேச்சு வரலீங்க." பக்கவாதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். 108 வந்தது. வண்டியில் இருந்த தம்பி விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏறியதும் கால்மணி நேரத்தில் மைத்துனர் கண் திறந்து, "மாப்ளே, மடை திறந்து கெடக்குது" என்றார்.

அன்று இரவு வார்டில் மறுபடியும் சர்க்கரை இறங்கியது. நாங்கள்தான் காரணம். ராத்திரி மாத்திரை தவறிவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்து டப்பாவைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்திருந்தோம். மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அம்மா, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனோம். கட்டிலின் மேல் பரப்பினார். பதின்மூன்று வகை. அதில் இரண்டு அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்து, "பின்னாடி படிங்க ஐயா" என்றார். இரண்டிலும் கிளிமெபிரைடு. ஒன்று பல வருடங்களாகப் பார்க்கும் டாக்டர் எழுதியது. மற்றொன்று கண்புரை ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை கூடியிருக்கிறது என்று வேறோர் ஊரில் வேறொரு டாக்டர் எழுதியது. அட்டையில் பெயர் வேறு, மாத்திரையின் நிறம் வேறு, கம்பெனி வேறு. உள்ளே இருந்த சரக்கு ஒன்று. ஏழு வாரமாக இரட்டிப்பு அளவு போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறுதோறும் அந்த மாத்திரைகளைப் பிரித்து, ஏழு நாள் டப்பாவில் காலை மதியம் இரவு என்று அடுக்கியது நான்தான். அந்த வீட்டில் ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவன் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தைக் கோப்புகளில் கற்றுக்கொண்டவன் நான். ஊரார் கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியவன். ஒரு அட்டையின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சடித்திருந்ததை ஏழு வாரம் படிக்கவில்லை. ஆகவே நான் மேலே நின்று யாரையும் ஏசவில்லை. குற்றவாளிக் கூண்டில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காகப் பதிவேடு எழுதியவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எந்தக் கலத்தில் என்ன எழுதுகிறோமோ அதைத்தான் மேலிடத்தில் கூட்டுவார்கள். கலமே இல்லாத ஒன்று நாட்டில் நடக்கவே இல்லை. மைத்துனர் "தவறி விழுந்தவர்" கணக்கில் சேர்ந்துவிட்டார். மாத்திரையால் மருத்துவமனைக்கு வந்தவர் என்று எங்கும் சேரவில்லை. எங்கள் தெருவிலேயே இன்னும் இருவர். மூட்டுவலி மாத்திரையும் இதயத்துக்கான ஆஸ்பிரினும் சேர்ந்து வயிற்றில் ரத்தம் கசிந்து, கருப்பாக வெளிக்குப் போய் மயங்கிய ஒரு பெரியவர். அவர் கணக்கில் "அல்சர்". நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையால் உடம்பில் உப்பு இறங்கி, மகளையே அடையாளம் தெரியாமல் பிதற்றிய ஓர் அம்மா. அந்த அம்மாவுக்கு "வயசாயிடுச்சு". இந்த "வயசாயிடுச்சு" என்ற சொல்லைப் போல வசதியான கலம் வேறு கிடையாது. எதைக் கொட்டினாலும் கொள்ளும்.

எண்ணிப் பார்த்த இடங்களில் என்ன தெரிந்தது? சண்டிகரில் இருக்கும் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த 578 முதியவர்களை வரிசையாக விசாரித்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 14.4 விழுக்காட்டினர், அதாவது ஏழில் ஒருவர், மருந்து சம்பந்தமான காரணத்தால் வந்தவர்கள். அதிலும் ஏறத்தாழ பாதிப் பேர் மருந்தின் தீய விளைவால் வந்தார்கள், மீதிப் பாதி மருந்தைச் சரியாகச் சாப்பிடாததால் வந்தார்கள். இங்கிலாந்தில் மெர்ஸிசைடு பகுதியில் இரண்டு மருத்துவமனைகளில் 18,820 பேரைப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் எல்லா வயதினரிலும் சேர்த்து 6.5 விழுக்காடு. அங்கே முன்னணியில் நின்ற மருந்துகள் குறைந்த அளவு ஆஸ்பிரின், நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலி மாத்திரை. பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை என்றும் அவர்களே எழுதினார்கள்.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் கண்ணைத் திறப்பது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மருந்தின் தீங்கால் அவசரமாக மருத்துவமனையில் சேர்கிறார்கள் என்று 2011-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் நான்கே வகை மருந்துகள்: வார்ஃபரின், இன்சுலின், ரத்தத்தட்டுகளைத் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள். பெயர் வாயில் நுழையாத அபூர்வ மருந்து ஒன்றுகூட அதில் இல்லை. ஜேடர்பாளையத்தில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இதில் ஒன்றாவது இருக்கும்.

பிரான்ஸைப் பற்றிச் சொன்னால், அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் பெருமையடிக்கப் போகிறேன் என்று சிலர் நினைப்பீர்கள். இல்லை. அங்கும் 2007-இல் எண்ணியபோது மருந்தால் சேர்க்கப்பட்டவர்கள் 3.6 விழுக்காடு, 2018-இல் எண்ணியபோது 8.5. கூடியிருக்கிறது. ஆனால் அவர்கள் எண்ணினார்கள், கூடியதை வெளியே சொன்னார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் "மெத்சேன் த்ரெத்தான்" என்று ஒரு டாக்டர் பதிவாகியிருப்பார். 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கண்ணுக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர் என்று யாரிடம் போனாலும் மொத்தப் பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளி உண்டு. மருந்துக்கடைக்காரரே முதியவரை உட்கார வைத்து, அவர் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒன்றாகப் பார்த்து அலசும் ஏற்பாடும் 2018 முதல் இருக்கிறது. என் சித்தப்பா மகன் அங்கே இருக்கிறான். அவனுடைய பட்டியல் பதினொன்றிலிருந்து ஏழாகக் குறைந்தது.

இங்கே மைத்துனரின் பதின்மூன்றுக்கும் யார் பொறுப்பு? சர்க்கரை டாக்டர் தன் மூன்றுக்கு. இதய டாக்டர் தன் நான்குக்கு. எலும்பு டாக்டர் மூட்டுவலிக்கு இரண்டு எழுதி, அதனால் வயிறு எரியும் என்று இன்னொன்று. தூக்கம் வரவில்லை என்றதற்கு ஒன்று. ஒவ்வொருவரும் தன் பங்கை ஒழுங்காகத்தான் எழுதினார்கள். கூட்டல் போட மட்டும் ஆள் இல்லை. ஓர் அலுவலகத்தில் நான்கு பிரிவுகள் தனித்தனியே செலவுக்கு ஒப்புதல் கொடுத்து, மொத்தத்தைப் பார்க்கக் கணக்கர் இல்லையென்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

வயதானவர் உடம்பு வேறு உடம்பு என்பதும் யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. வயது ஏற ஏறச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. சதை வற்றியவர்களுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சாதாரணமாகவே காட்டும், ஆனால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். ஐம்பது வயதில் ஒத்துக்கொண்ட அளவு எழுபத்தெட்டில் உடம்பில் தங்கிவிடுகிறது. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991-இலேயே முதியவர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டார். பியர்ஸ் பட்டியல் என்றே அதற்குப் பெயர். அதன் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில், உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் சர்க்கரை மாத்திரைகளுக்கு உதாரணமாகக் கிளிபென்கிளமைடையும் கிளிமெபிரைடையும் பெயர் சொல்லியே எச்சரித்திருக்கிறார்கள். நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கியதல்ல. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில், 1996-இல், டாக்டர் வி.எஸ். நடராசன் அவர்களின் முயற்சியால். அறிவு சென்னையில் இருக்கிறது. பரமத்தி வேலூரைத் தாண்டி எங்கள் ஊருக்கு பஸ் வருகிறது, அது இன்னும் வரவில்லை.

டாக்டர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்: "சார், நீங்க நாலு டாக்டர்கிட்ட போறீங்க, ஒருத்தர்கிட்டயும் மத்தவர் சீட்டைக் காட்டறதில்ல. கேட்டா சின்ன வெள்ளை மாத்திரைன்னு சொல்றீங்க." இதை நான் மறுக்க மாட்டேன். என் வயதுக்காரர்கள்மேல் எனக்கே கோபம் உண்டு. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்பது நம் சித்தாந்தம். முழங்கால் வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் ஊசியை டீ குடிப்பது போலப் போட்டுக்கொள்கிறோம். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஓர் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதிலும் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காட்டில் நின்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்கி விழுங்குகிறோம். நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வெட்கம். சர்க்கரை குறைந்துவிட்டது என்று நாமே நிறுத்துகிறோம், அடுத்த மாதம் கூடிவிட்டது என்று நாமே இரண்டாகப் போடுகிறோம். சண்டிகர் கணக்கில் மறு பாதி நாம்தான்.

ஆனாலும் டாக்டரய்யா, ஒரு கேள்வி. நீங்கள் எழுதியதை நாங்கள் படிக்க முடிந்ததா? மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதியைத் திருத்தியது. எத்தனை சீட்டில் அப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நாங்கள் மருந்துச் சீட்டை "ஒர்தோனான்ஸ்" என்று படித்தோம். அதே சொல்லுக்கு அரசாணை என்றும் பொருள். நம் ஊரில் இன்றைக்கும் சீட்டு அரசாணைதான். திருப்பிக் கேட்க முடியாது. எது எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது, விரதம் இருந்தால் என்ன செய்வது, எதுவும் அதில் இராது. 1-0-1 மட்டும் இருக்கும். அமாவாசையும் கிருத்திகையும் ஏகாதசியும் இருக்கும் நாட்டில் சர்க்கரை மாத்திரை எழுதுகிறவர், "சாப்பிடாத நாளில் இதைப் போடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். என் மைத்துனர் இன்றைக்குக் கைத்தடி இல்லாமல் கொடிக்காலுக்குப் போயிருப்பார்.

அடுத்தது மெடிக்கல் கடை. 1948-ஆம் ஆண்டுப் பார்மசிச் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும். 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், அவர் சீட்டைப் பரிசீலித்து நோயாளிக்கு விளக்கமும் சொல்ல வேண்டும் என்கின்றன. சான்றிதழ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதில் பெயர் இருப்பவரை எத்தனை கடையில் நேரில் பார்த்திருக்கிறீர்கள்? தூக்க மாத்திரையான அல்பிரசோலம் போன்றவை எச்-1 அட்டவணையில் வருகின்றன. அவற்றை விற்றால் எழுதிய டாக்டர், வாங்கியவர் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். பதிவேடு என்றதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. ஆனால் நான் கண்ட கடைகளில் கேட்டவுடன் மாத்திரை வந்தது, பதிவேடு வரவில்லை.

அந்தக் கத்தரிக்கோலையும் சொல்லியாக வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டியதில் ஒரு துண்டில் பெயர் போய்விடும், இன்னொரு துண்டில் காலாவதித் தேதி போய்விடும். அப்புறம் அது அநாதை மாத்திரை. மைத்துனர் வீட்டில் அப்படி மூன்று துண்டு இருந்தது, நர்ஸ் அம்மாவாலும் அது இன்னதென்று சொல்ல முடியவில்லை. இதுதவிர காய்ச்சல், உடம்பு வலிக்கு "ஒரு செட்டு" என்று நான்கைந்து உதிரி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது தனி வித்தை. அதற்குப் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது.

கூட்டு மாத்திரைகள் விஷயத்தில் அரசாங்கமே விழித்துக்கொண்டு தடைபோட்டது உண்மை. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகள், வழக்கெல்லாம் நடந்த பிறகு 2018 செப்டம்பரில் 328, 2024 ஆகஸ்டில் இன்னும் 156. நல்லதுதான். ஆனால் தடைசெய்யாத கூட்டுகளும் நூற்றுக்கணக்கில் விற்கின்றன. சர்க்கரைக்கு இரண்டு மூன்று மருந்தை ஒன்றாக்கி ஆளுக்கொரு பெயர் சூட்டும்போது, ஒரே மருந்து இரண்டு வேஷத்தில் ஒரே வாயில் நுழைவதை யார் கண்டுபிடிப்பது? படித்தவன் என்று பெயரெடுத்த நானே கோட்டை விட்டேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிதாக ஒரு துறையும் வேண்டாம். "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். அந்தப் பெண்கள் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன், கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. அவர்கள் கையில் இன்னும் ஒரு தாள் கொடுங்கள். "இந்த வீட்டில் வேறு என்னென்ன மாத்திரை இருக்கிறது?" என்று அலமாரியைத் திறக்கச் சொல்லி அட்டைப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஐந்துக்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்வைக்கு வைக்கட்டும். மருத்துவமனைகளில் அறுபது கடந்த ஒருவரைச் சேர்க்கும்போது, "இது மருந்தால் வந்ததா? ஆம் / இல்லை / தெரியாது" என்று ஒரே ஒரு கலம். தெரியாது என்று நிரப்பினாலும் பரவாயில்லை, கேள்வி கேட்கப்பட்டதாக ஆகும்.

மருந்தின் தீங்கைப் பதிவு செய்ய நாட்டில் அமைப்பே இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது, இப்போது காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம். பொதுமக்களே நிரப்ப ஒரு படிவம் உண்டு, தமிழிலும் உண்டு. பதினைந்து ஆண்டாக இருக்கும் ஒன்றை எழுபது கடந்த நான் மைத்துனர் விழுந்த பிறகுதான் அறிகிறேன். ரேஷன் கடை வாசலிலும் மெடிக்கல் வாசலிலும் இந்த எண்ணை ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்?

மைத்துனருக்கு இப்போது ஏழு மாத்திரை. நாமக்கல்லில் ஒரு டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்து, சிலவற்றை ஒரே நாளில் நிறுத்தினார், தூக்க மாத்திரையை மட்டும் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டாயிற்று. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, குத்தகைக்காரர் வெற்றிலை கிள்ளும் முறை சரியில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பையோடு வாருங்கள், சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். எதையும் நிறுத்தவோ மாற்றவோ நான் சொல்ல மாட்டேன், நீங்களும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். பின்புறம் இருக்கும் பெயரை எல்லாம் தமிழில் ஒரே தாளில் வரிசையாக எழுதி, ஒன்றே இரண்டு முறை வந்திருந்தால் அடியில் கோடு போட்டுத் தருகிறேன். அதை டாக்டர் மேஜையில் வையுங்கள். அட்டையை மட்டும் வெட்டாமல் கொண்டுவாருங்கள்.